மஞ்சள் பை

பெருந்துறையில் இரவுப் பணி முடித்து
ஏழே காலுக்குக் காந்திபுரம் பஸ்.
உட்கார இடம் கிடைத்தால் ஒரு பத்தி,
நின்றுகொண்டு என்றால் ஒரு வரி.
விஜயமங்கலம் டோல்கேட்டுக்குள்
ஒரு பக்கம் முடிய வேண்டும் என்று
போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டிருந்தேன்.
முடிந்தது அவிநாசியில்.

பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
"பரீட்சைங்களா?"
"ஜெர்மனுங்க."
"எழுத்தெல்லாம் இங்கிலீஷாட்டவே இருக்குதுங்களே."
அதுதானுங்க தொல்லை என்றேன்.

ஒவ்வொரு சொல்லையும் இங்கிலீஷாக்கி
அதை மறுபடி தமிழாக்கி
நிமிர்ந்து பார்த்தால்
வரியின் தலை மறந்திருக்கும்.
இரண்டு பஸ் மாறிப் போகிறவளுக்கு
நேர் வண்டி ஒன்று ஓடுவதை
யாரும் சொல்லவில்லை.

தெரிந்தது வகுப்பில் அல்ல,
ஐசியூ வாசலில், அதிகாலை மூன்று மணிக்கு.
சென்னிமலைக்காரர். மாரடைப்பு.
அவர் மகள் பூரணி
என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
"இந்த ராத்திரியத் தாண்டிட்டாருன்னா
அப்பா பொழைச்சுக்கு—"
தொண்டை வறண்டு எச்சில் விழுங்கினேன்.
அவள் குறுக்கே பேசவில்லை.
அதுவரை வந்த சொல் அத்தனையும்
சிந்தாமல் ஏந்திக்கொண்டு
கடைசி எழுத்துக்காக நின்றாள்.
"—வாருங்க."

வினைச்சொல் கடைசியில்தான் வரும்.
இதை நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?
ஜெர்மன்காரனும் பாதி வாக்கியங்களில்
அதைக் கொண்டுபோய்க் கடைசியில்தான் வைக்கிறான்.
அன்று காலை இங்கிலீஷை
பெருந்துறை ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டேன்.
வரியிலிருந்து விரலை எடுத்தேன்.
முணுமுணுக்கும் உதட்டை
மாஸ்க்குக்குள் சும்மா இருக்கச் சொன்னேன்.
தெரியாத சொல் வந்தால்
நரம்பு அகப்படாத கையை விட்டு
அடுத்த கையைத் தேடுவதுபோல
நகர்ந்துவிட்டேன்.

செங்கப்பள்ளிக்குள் ஒரு பக்கம்.
மறுவாரம் டோல்கேட்டுக்கு முன்னாலேயே.

மாதிரித் தேர்வு, மூன்றாம் பகுதி.
குடியிருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் எழுதிய கடிதம்.
ஒன்றே முக்கால் நிமிடம்.
அதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.
எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.
"புதன் இரவு மஞ்சள் பையை
வாசலில் வைத்துவிடவும்."
கேள்வி: அந்தப் பையில் இருப்பது என்ன?

எனக்கு மஞ்சள் பை என்றால்
ரத்தப் பஞ்சு, நஞ்சுக்கொடி,
சர்க்கரைக்காரருக்கு எடுத்த விரல்.
கட்டி, எடைபோட்டு,
கையெழுத்து வாங்காமல் அது கீழே இறங்காது.
அதற்கும் முந்தி
ஈரோட்டு ஜவுளிக்கடைப் பெயர் போட்டு
தேங்காய் வெற்றிலையோடு வீடு வந்து சேரும் பை.
எதையோ குறித்தேன். தப்பு.
அங்கே அதில் தயிர் டப்பாவும்
பிஸ்கட் உறையும் போடுவார்களாம்.
"நீ போனா அந்தத் தெருவே காலியாயிரும்"
என்று கிருபாவதி சிரித்துக்கொண்டேயிருந்தாள்,
கீழே பேக்கரியில் டீ ஆறும்வரை.

தெரியாத சொல்லில் நிற்காமல் ஓடப் பழகியவள்
தெரிந்த சொல் ஒன்றில்
வழுக்கி விழுந்தேன்.
அப்புறம் 'ஜன்னல்' என்ற சொல் வந்தாலும்
ஒரு கணம் நிற்கிறேன்.
அந்த ஊரில் அது எந்தப் பக்கம் திறக்குமோ?

வெள்ளிக்கிழமை சென்னிமலைக்காரருக்கு டிஸ்சார்ஜ்.
ஸ்கேனும் மாத்திரையும்
மஞ்சள் பையில்தான் போட்டிருந்தாள் பூரணி.
என் கண் பழக்கத்தில்
அதன் கழுத்தில் பார்கோடு தேடியது.
லிஃப்ட் வந்துவிட்டது.
"போயிட்டு வ—"
சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் ஆகாது.

கடைசிச் சொல் வராமலே
கதவு மூடிய அந்த வரியை
முழுசாகப் படித்துவிட்டேன்.
எத்தனை நொடி என்று பார்க்கவில்லை.